பச்சை எரிந்தால் பயமில்லை

1. போன்

"உங்க பொட்டி பச்சையாத்தாங்க எரியுது. ஆனா மலை எறங்கிருச்சு."

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஒபிஸ் தலைமை எழுத்தர், அங்கே சொல்வதுபோல் பெரிய கிளாக்கர், பதுளையில் இருந்த எங்கள் வேர்க்ஷொப்புக்குப் போன் எடுத்துச் சொன்ன முதல் வார்த்தை இது. நேரம் பகல் பதினொன்றரை. மூன்று நாளாக விடாத மழை. நான் ஒரு போர்டில் சோல்டர் வைத்துக்கொண்டிருந்தேன். முதலில் அவர் வேடிக்கை பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அப்படிப்பட்ட ஆள்.

"என்ன ஐயா சொல்றீங்க?"

"பணிய லயத்துக்கு மேல இருந்த மண்ணுமேடு அப்படியே வந்திருச்சு. கடைசி மூணு வீடு போச்சு. புள்ளக் காம்பராவும் போச்சு. மெசேஜ் ஒண்ணுமே வரலீங்களே! பச்சை எரிஞ்சா பயமில்லைன்னு நீங்கதான எழுதி வச்சீங்க?"

லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். புள்ளக் காம்பரா என்பது தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டடம். எங்கள் பெட்டியை மாட்டியிருந்ததும் அதன் சுவரில்தான்.

"புள்ளைங்க?" என்று கேட்டேன். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. பிறகு எத்தனை தடவை சுற்றியும் கிடைக்கவில்லை.

எங்கள் நிறுவனத்தின் இன்ஜினியர் சிவஞானம் சேர் வேனை எடுத்தார். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். வழியில் இரண்டு இடத்தில் ரோட்டில் மண் கிடந்தது. மூன்று மணி நேரம் அந்த வேனில் நாங்கள் இருவரும் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அந்த மூன்று மணி நேரம் என் மனதில் ஓடியதை எழுதுவதற்கு முன்னால், அந்தப் பெட்டி என்ன, அதில் நான் செய்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்களுக்குக் கதை பிறகு, சர்க்யூட் முதலில்.

2. நாம் சொல்லும் கம்பி, அது சொல்லும் கம்பி

நான் ஹாலிஎலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இன்ஜின் ரூமில் வேலை செய்தார். தொண்ணூறுகளின் நடுவில், ரேடியோ திருத்தத் தெரியும் என்ற ஒரே தகுதியோடு பதுளையில் இந்த நிறுவனத்தில் சேர்ந்தேன். முதல் சில வருடம் தோட்டத்து வோக்கிடோக்கி, அம்ப்ளிபயர், கோயில் லவுட்ஸ்பீக்கர் எல்லாம் திருத்தினேன். பிறகு மலை உச்சிகளில் செல்போன் டவர்கள் முளைத்தன. அதோடு தீப்பெட்டி அளவில் ஒரு சாமான் வேர்க்ஷொப்புக்கு வந்தது. ஜிஎஸ்எம் மொடியூல். போனின் உள்ளுறுப்பு மட்டும். காது, வாய், பொத்தான் எதுவும் கிடையாது. அவற்றை நாம்தான் கொடுக்க வேண்டும்.

அதில் அறுபது பின் இருக்கும். புதியவர்கள் எல்லோரும் பவர், அன்டெனா, சிம், சீரியல் லைன் ஆகியவற்றைத்தான் பார்ப்பார்கள். அது சரிதான், அவை இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆனால் ஆளைக் கவிழ்ப்பது ஓரத்தில் இருக்கும் நாலைந்து சின்னக் கம்பிகள்.

PWRKEY என்று ஒன்று. அதை ஒரு விநாடிக்கு மேல் கீழே இழுத்துப் பிடித்தால் மொடியூல் விழிக்கும். விழித்திருக்கும்போது மறுபடி அதையே செய்தால் தூங்கிவிடும். எழுப்புவதற்கும் படுக்க வைப்பதற்கும் ஒரே தட்டு. ஆகவே தட்டுவதற்கு முன் அது விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வது STATUS என்கிற கம்பி. விழித்திருந்தால் அதில் வோல்டேஜ் இருக்கும், தூங்கினால் இருக்காது. NETLIGHT என்று இன்னொன்று: டவரைத் தேடும்போது வேகமாக மினுக்கும், டவர் கிடைத்ததும் நிதானமாக மினுக்கும்.

சிவஞானம் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் பத்து வருடம் இருந்தும் பேச்சு மாறவில்லை. மொடியூல் வந்த புதிதில் இந்தக் கம்பிகளை அவர் இரண்டே வகையாகப் பிரித்தார்.

"கொன்ட்ரோல் லைன் எண்டால் நாங்கள் அதுக்குச் சொல்லுறது. ஸ்டேட்டஸ் லைன் எண்டால் அது எங்களுக்குச் சொல்லுறது. முதலாவது பிழைச்சால் வேலை நடக்காது, உடனை தெரிஞ்சுபோம். இரண்டாவது பிழைச்சால், வேலை நடக்குது எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பம். விளங்குதோ?"

"விளங்குது சேர்" என்றேன். விளங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

3. மழைப் பெட்டி

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் தோட்டங்களுக்கு மழைப் பெட்டி ஒன்று செய்யும் வேலை எங்களுக்கு வந்தது. லயத்துக்கு மேலே இருக்கும் மலையில் ஒரு மழைமானி. அதிலிருந்து கம்பி வந்து பெட்டிக்குள் ஒரு சின்னக் கொன்ட்ரோலரில் சேரும். மழை ஓர் அளவைத் தாண்டினால் கொன்ட்ரோலர் மொடியூலை ஏவி, பெரிய கிளாக்கரின் போனுக்கும் தொழிற்சாலைக்கும் மெசேஜ் அனுப்பும். உடனே ஒபிஸிலிருந்து உத்தரவு போகும், லயத்தில் இருப்பவர்கள் எழுந்து கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போவார்கள்.

மழை பெய்வது தெரியாதா, அதற்கு ஒரு பெட்டியா என்று கேட்கலாம். மழை எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஊவா மலைப்பக்கம் ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழைதான். அதற்காகத் தினமும் வேலையை விட்டு ஓட முடியாது. ஒபிஸிலிருந்து சொல் வராமல் லயத்தை விட்டு ஒருவரும் அசைய மாட்டார்கள். அந்தச் சொல் வரவேண்டுமானால் பெட்டி பேச வேண்டும்.

பணிய லயம் என்றால் சரிவில் தாழ்வாக இருக்கும் லயம். பன்னிரண்டு வீடு. அதன் கோடியில் புள்ளக் காம்பரா. அங்கேதான் கரண்ட் ஒழுங்காக இருந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் பரமேஸ்வரி, முப்பது வயதிருக்கும். நான் ஏணியில் நின்று பெட்டியை மாட்டும்போது கீழிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இது வேலை செய்யுதான்னு நாங்க எப்படிண்ணே தெரிஞ்சுக்கறது?"

NETLIGHT-ஐ வெளியே ஒரு லைட்டாக எடுத்துத் தரலாம் என்று நினைத்தேன். பெரிய கிளாக்கர் வேண்டாம் என்றார். "மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சா ஆளுங்க பயந்துருவாங்க. காலைல பேர் குடுக்க, பெரட்டுக்குக் கூட வரமாட்டாங்க. ஒரே சீரா எரியற மாதிரி ஒண்ணு குடுங்க."

சரி என்று STATUS கம்பியைக் கொன்ட்ரோலர் பார்த்து, அது 'விழித்திருக்கிறது' என்று சொன்னால் ஒரு பச்சை லைட் எரியும்படி செய்தேன். பெயின்ட் வாங்கி, பெட்டிக்குக் கீழே சுவரில் என் கையாலேயே எழுதினேன்: பச்சை எரிந்தால் பயமில்லை. எழுதிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று ரசித்தேன். மோனை கூடப் பொருந்தியிருந்தது.

4. ஒரு ரெசிஸ்டர்

இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு குளிர் காலையில் பெட்டிகள் தாமாகவே அணைய ஆரம்பித்தன. பதினேழு தோட்டத்தில் மாட்டியிருந்தோம், வாரம் ஒரு தோட்டத்திலிருந்து புகார். காரணம் எளிது. மொடியூலின் STATUS கம்பி கொடுக்கும் வோல்டேஜ் குறைவு, எங்கள் கொன்ட்ரோலர் எதிர்பார்ப்பது அதிகம். குளிரிலும் ஈரத்திலும் கொன்ட்ரோலர் அதைத் தப்பாக வாசித்து, 'தூங்குகிறது' என்று நினைத்துக்கொண்டது. எழுப்புவதற்காக PWRKEY-ஐத் தட்டியது. விழித்திருந்ததைத் தட்டினால் என்ன ஆகும்? தூங்கிவிட்டது.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். STATUS கம்பியையும் எங்கள் ஐந்து வோல்ட் லைனையும் ஒரு சின்ன ரெசிஸ்டரால் இணைத்தேன். கம்பிக்கு முட்டுக் கொடுத்த மாதிரி. வோல்டேஜ் ஏறியது, தப்பான வாசிப்பு நின்றது. ஐந்து ரூபாய்ச் சாமானில் பதினேழு தோட்டத்தின் தலைவலியும் தீர்ந்தது. நிறுவனத்தில் எனக்குக் கேக் வெட்டாத குறை.

பதினேழு பெட்டியிலும் அதைப் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு டெஸ்ட் ஷீட் நிரப்ப வேண்டும். அந்த ஷீட்டில் STATUS-க்கு இரண்டு கட்டம் உண்டு. ON நிலை. OFF நிலை. மொடியூல் விழித்திருக்கும்போது கம்பி என்ன சொல்கிறது, அணைத்து வைத்தால் என்ன சொல்கிறது. ON நிலையைப் பார்க்க அரை நிமிடம் போதும். OFF நிலைக்குப் பெட்டியைக் கழற்றி, மொடியூலைப் படுக்க வைத்து, அளந்து, மறுபடி எழுப்பி, டவர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஏணியில் நின்றபடி, அட்டை காலில் ஏறும் மழையில், ஒரு பெட்டிக்கு முக்கால் மணி நேரம்.

நான் ON நிலையைப் பார்த்தேன். OFF கட்டத்தில் 'சரி' என்று எழுதினேன். பதினேழிலும்.

திரும்பி வந்ததும் சேர் ஷீட்டுகளைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "OFF-உம் பாத்தாச்சோ?"

"ஓம் சேர்" என்றேன். அவரோடு பேசும்போது 'ஆமா'வுக்குப் பதிலாக எனக்கும் அவருடைய 'ஓம்' ஒட்டிக்கொள்ளும்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு மாதம் ஓடியது.

5. ரேடியோ

மண் சரிவதற்கு இரண்டு நாள் முன்னால் அதே தோட்டத்துத் தொழிற்சாலைக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். நான் வந்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டு, மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பரமேஸ்வரி இறங்கி வந்தார். இரண்டு மைல் இருக்கும்.

"அண்ணே, பொட்டி பேச மாட்டேங்குது."

"எப்படித் தெரியும் தங்கச்சி?"

"புள்ளைங்களுக்குப் பாட்டு வைக்கிற ரேடியோ பொட்டிக்குக் கீழதான இருக்கு? பொட்டி பேசறப்பெல்லாம் ரேடியோ டிக்கு டிக்கு டிக்குன்னு கரகரங்கும். ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவ. முந்தாநேத்து இடி இடிச்சு கரண்டு போய் வந்துச்சுல்ல, அதுலேர்ந்து ஒரு தடவ கூட இல்ல."

"பச்சை எரியுதா?"

"எரியுது."

"அப்ப சரி. ரேடியோவுக்கு பெட்டரியை மாத்துங்க."

பக்கத்தில் நின்ற தொழிற்சாலை ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மாத்தியும் பாத்துட்டேண்ணே" என்றார். சாக்கைப் போட்டுக்கொண்டு ஏறிப் போனார்.

இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. எங்கள் வேர்க்ஷொப் ரேடியோவும் அப்படித்தான் கரகரக்கும். மொடியூல் டவரோடு பேசும் சத்தம் அது என்று எனக்குத் தெரியாதா? மெசேஜ் அனுப்பாவிட்டாலும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று மொடியூல் அடிக்கடி டவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தை யாரும் முட்டுக் கொடுத்து உண்டாக்க முடியாது. என் பெட்டியில் பொய் சொல்ல முடியாத ஒரே ஸ்டேட்டஸ் லைன் அதுதான். அதைக் கண்டுபிடித்தது எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு பெண். கண்டுபிடித்ததோடு நிற்காமல் பெட்டரி மாற்றி டெஸ்டும் செய்திருக்கிறார். நான் செய்யாத டெஸ்ட்.

வேனில் அந்த மூன்று மணி நேரமும் எனக்குள் ஓடியது இந்த ஒரு பேச்சுதான். 'அப்ப சரி.' இரண்டு மைல் ஏறிப் போயிருந்தால் போதும்.

6. சுவர்

கடைசி ஒரு மைல் நடந்து ஏறினோம். வளைவில் திரும்பியதும் முதலில் தெரிந்தது பச்சை லைட். புள்ளக் காம்பராவின் கூரை இல்லை, மூன்று பக்கச் சுவர் இல்லை. முன்பக்கச் சுவர் மட்டும் நின்றது. அதில் பெட்டி. பெட்டரி உள்ளே இருந்ததால் லைட் எரிந்துகொண்டிருந்தது. கீழே என் கையெழுத்து, ஒரு எழுத்துக்கூட அழியாமல்.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"புள்ளைங்க எல்லாம் கோயில்ல இருக்குங்க" என்று யாரோ சொன்னார்கள்.

பதினாலு குழந்தைகள் கோயில் மண்டபத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். பரமேஸ்வரி காலை ஒன்பது மணிக்கே அவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். யாரும் சொல்லாமல், உத்தரவு வராமல்.

"ஏன் தங்கச்சி போனீங்க?"

"பொட்டி உசுரோட இருந்தா ஒபிஸ்லேர்ந்து தாக்கல் வரும், அதுவரைக்கும் இருக்கலாம்னு இருப்பேன். அது செத்துக் கெடக்குன்னு எனக்குத்தான் தெரியுமே! அப்ப நானா பாத்துக்கணும்ல? காலைல மேட்டுலேர்ந்து வர்ற பீலித் தண்ணி செவந்து வந்துச்சு. மேட்டுல மண்ணு எளகுதுன்னு நெனச்சேன். கணக்கப்புள்ள வந்து, யாரைக் கேட்டுப் புள்ளக் காம்பராவ பூட்டுனன்னு சத்தம் போட்டாரு. நான் பேசாம நடந்துட்டேன்."

கோயிலுக்குப் போகும் வழியில் லயத்துக் கதவுகளையும் தட்டியிருக்கிறார். மலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த கிழவர்களும் நோயாளிகளும் அவரோடு வந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் வரவில்லை. கடைசி வீட்டு முத்தையா. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர், ஐம்பது வயது, அன்று காய்ச்சல் என்று படுத்திருந்தார்.

"கூப்ட்டேண்ணே. ரெண்டு தடவ கூப்ட்டேன். கையை நீட்டி லைட்டைக் காட்டுனாரு. பச்சை எரியுதுல்ல, நீ போ தாயின்னாரு."

பகல் பதினொரு மணிக்கு மேடு இறங்கியது. இடுப்பு வரை மண்ணில் புதைந்திருந்த முத்தையாவைத் தோண்டி எடுத்தார்கள். உயிர் இருந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

7. இரண்டு கட்டம்

அடுத்த நாள் வேர்க்ஷொப்பில் சேர் பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தார். மீற்றரை STATUS கம்பியில் வைத்தார். வோல்டேஜ் இருந்தது. பிறகு அதே மீற்றரை, மொடியூல் விழித்திருக்கும்போது மட்டும் வரும் அதன் உள்சப்ளையில் வைத்தார். பூச்சியம். மொடியூல் தூங்கிக்கொண்டிருந்தது, கம்பி விழித்திருந்தது. அந்த வோல்டேஜ் மொடியூலிலிருந்து வரவில்லை, நான் வைத்த ரெசிஸ்டர் வழியாக எங்கள் பக்கத்திலிருந்தே வந்தது.

மெமரியில் மழைக் கணக்கு முழுதும் இருந்தது. சரியான நேரத்தில் அளவு தாண்டியிருந்தது. கொன்ட்ரோலர் மெசேஜ் அனுப்பப் பார்த்திருக்கிறது. பதில் இல்லை. STATUS-ஐப் பார்த்திருக்கிறது. 'விழித்திருக்கிறது' என்று இருந்ததால், டவரில் நெரிசல் போல என்று பத்து நிமிடம் பொறுத்து மறுபடி அனுப்பியிருக்கிறது. 'தூங்குகிறது' என்று வாசித்திருந்தால் ஒரு தட்டுத் தட்டி எழுப்பியிருக்கும். அந்த ஒரு தட்டுக்குத்தான் குறை. காலை முழுக்க, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, அது ஒரு பிணத்தோடு பேசிக்கொண்டிருந்தது.

சேர் அலமாரியிலிருந்து டெஸ்ட் ஷீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"OFF சரி எண்டு எழுதியிருக்கு. இது செத்துக் கிடக்கேக்கை என்ன சொல்லுது எண்டு உண்மையிலை பாத்தனீரோ?"

"இல்லை சேர்."

"ஒண்டிலையாவது?"

"ஒன்றிலும் இல்லை."

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானும் போய்ப் பாக்கேல்லை. உம்மடை 'ஓம்' வந்தது, அது காணும் எண்டு இருந்திட்டன்" என்றார். "சரி, மிச்சம் பதினாறையும் கழட்டும். ஒண்டொண்டா. நானும் வாறன்."

பதினைந்து நாளில் பதினாறு பெட்டியும் திருத்தினோம். ரெசிஸ்டரின் மேல்முனையை எங்கள் ஐந்து வோல்ட்டிலிருந்து எடுத்து, மொடியூலின் சொந்த உள்சப்ளைக்கு மாற்றினோம். குறைந்த வோல்டேஜையும் சரியாக வாசிக்கக் கொன்ட்ரோலர் பக்கம் ஒரு டிரான்சிஸ்டர் போட்டோம். மொடியூல் அணைந்தால் சப்ளை போகும், சப்ளை போனால் கம்பியும் விழும். அதனுடைய வாயால்தான் அது பேச வேண்டும்.

8. பெரட்டு

அந்தத் தோட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. ஆட்கள் இனிப் பெட்டியே வேண்டாம் என்கிறார்கள், நீங்களே வந்து பெரட்டில் பேசுங்கள் என்று பெரிய கிளாக்கர் சொல்லிவிட்டார். பெரட்டு என்பது காலை ஆறு மணிக்கு வேலைக்கு வந்தவர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அங்கே பெயர் விழுந்தால்தான் அன்றைய வேலை கணக்கில் ஏறும். தோட்டத்தில் பிறந்த எனக்கு அந்த இடத்தில் பேசுவதைவிட நீதிமன்றத்தில் பேசுவது இலேசு.

பனியில் நூறு பேர் கூடையோடு நின்றார்கள். கங்காணி பெயர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். ஒரு பெயருக்கு "இருக்கேன்" என்று குரல் வந்தது. கங்காணி நிமிர்ந்து பார்த்தார்.

"கொரலு இருக்கு, ஆளு எங்க? ஆளைக் காட்டு."

தங்கைக்காக அக்காள் குரல் கொடுத்திருந்தாள். தங்கை இன்னும் லயத்திலிருந்து இறங்கவே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். வராத ஆளுக்கு வந்தவர் பேர் கொடுப்பதை எங்கள் பக்கத்தில் கள்ளப்பேர் என்பார்கள். எல்லாக் கங்காணிக்கும் தெரிந்த வித்தை. சின்ன வயதில் எங்கள் லயத்திலும் பார்த்திருக்கிறேன்.

என்னைப் பேசச் சொன்னார்கள். வேர்க்ஷொப்பில் தயார் செய்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. வோல்டேஜ், சப்ளை, ஈரம் என்று. அதை விட்டுவிட்டேன்.

"பொட்டிக்குள்ள பேசற சாமான் நாலு நாளா செத்துக் கெடந்துச்சுங்க. அது செத்துருச்சுன்னா பச்சை அணையணும். அணையல. ஏன்னா, நான் பக்கத்துல வச்ச ஒரு சின்ன சாமான் அதுக்குப் பதிலா பேரு குடுத்துக்கிட்டு இருந்துச்சு."

நூறு பேருக்கும் அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. இன்ஜினியர்களுக்கு இதை விளக்க நான் பிறகு பல தடவை படம் போட வேண்டியிருந்தது.

"அதைப் பொருத்துனப்போ, அணைச்சு வச்சுப் பாத்திருக்கணும். பாக்கல. பாத்ததா எழுதிக் குடுத்தேன்."

முன்வரிசையில் நின்ற பரமேஸ்வரிதான் பேசினார். கோபமில்லாமல், ஒரு கணக்கைத் திருத்துவது போல.

"அப்ப பேரு குடுத்தது அந்தச் சாமான் இல்லண்ணே. நீங்க."

"ஆமா தங்கச்சி" என்றேன். 'ஓம்' வரவில்லை.

யாரும் திட்டவில்லை. கங்காணி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பெட்டியை மறுபடி வைக்கலாம், ஆனால் ரேடியோவும் கூடவே வேண்டும் என்று கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லி அனுப்பினார்கள்.

9. வெறும் சுவர்

அதற்குப் பிறகு எங்கள் பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரு மாற்றம் வந்தது. தினமும் காலை ஆறு மணிக்குப் பெட்டி ஒபிஸுக்கு ஒரு மெசேஜ் அனுப்பும். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும். வராத நாளில் நாங்கள் போய்ப் பார்ப்போம். நிறுவனத்தின் காகிதத்தில் அதற்கு ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர். எங்களுக்குள் அது பெரட்டு மெசேஜ். டெஸ்ட் ஷீட்டில் OFF கட்டத்துக்குப் பக்கத்தில் சேர் தன் கையால் 'ஆளைக் காட்டு' என்று எழுதி அச்சடிக்கக் கொடுத்தார். புதிதாக வருகிறவர்கள் அது என்னவென்று கேட்பார்கள். நான் ஓய்வு பெறும்வரை இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன், என் புளுகையும் சேர்த்து.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு ஸ்டேட்டஸ் லைனை, சாமான் வேலை செய்யும்போது பார்ப்பது பார்வையே இல்லை. அது செத்துக் கிடக்கும்போது என்ன சொல்கிறது என்று பாருங்கள். அந்தக் கட்டத்தை நிரப்ப நேரமில்லை என்றால் வெறுமையாக விடுங்கள். வெறுமையாக இருக்கும் கட்டம் யாரையும் படுக்க வைக்காது.

புதிய பெட்டியைத் தோட்டத்துப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டினோம். பணிய லயத்து ஆட்களை அதற்குப் பக்கத்தில் தற்காலிக வீடுகளில் இருத்தியிருந்தார்கள். நான் ஏணியில் நின்று வேலை செய்ய, முத்தையா ஊன்றுகோலோடு வந்து ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டேன், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மொடியூலை அணைத்தேன். பச்சை அணைந்தது. எழுப்பினேன். எரிந்தது. கீழே ரேடியோ டிக்கு டிக்கு என்றது. மூன்று தடவை அவர் பார்க்கும்படி செய்தேன். பிறகு இறங்கிப் பெயின்ட் டப்பாவைத் திறந்தேன். இந்த முறை சரியாக எழுத வேண்டும் என்று ஒரு வாசகம் யோசித்து வைத்திருந்தேன்.

"எழுதாதீங்க தம்பி" என்றார் முத்தையா.

திரும்பிப் பார்த்தேன்.

"எழுதி வச்சா நம்பிருவோம்."

டப்பாவை மூடிவிட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்தில், பெட்டிக்குக் கீழே உள்ள சுவர் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.